பச்சைச் சீட்டும் ஆறு இட்லி விரதமும்

எங்கள் மருத்துவமனை இதழில் 'பணி நிறைவு செய்தோர் பக்கம்' என்று ஒன்று உண்டு. அதில் எழுதுகிறவர்களுக்கு வழக்கமாக முழங்கால் வலி இருக்கும், பேரன் பேத்தி இருப்பார்கள். எனக்கு இரண்டும் கிடையாது. வயது இருபத்தொன்பது. ஈரல் பரிசோதனை வேனில் ஏழு வருடம் ஓடிவிட்டு, மேல்படிப்புக்காக இந்த மாதக் கடைசியில் விலகுகிறேன். விலகுவதும் ஒருவகை ஓய்வுதான் என்று வாதாடி இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கிறேன்.

எழுதத் தூண்டியவர்கள் புதிதாகச் சேர்ந்திருக்கும் டெக்னீசியன் பிள்ளைகள் இருவர். "அக்கா, ஒங்க காலத்துல எப்பிடிக்கா கேம்ப் நடத்துனீங்க? செல்லுல்லாம் இருந்துச்சா?" என்றார்கள். இருந்தது. மின்சாரமும் இருந்தது, சக்கரமும் கண்டுபிடித்து முடித்திருந்தார்கள்.

விஷயம் என்னவென்றால், போன மாதம் வேனுக்குப் புதுக் கருவி வந்திருக்கிறது. பொத்தானைத் தொட்டதும், கடைசியாகச் சாப்பிட்டது எத்தனை மணிக்கு என்று திரையில் கேட்கிறது. நேரத்தைப் போடாவிட்டால் அடுத்த அடி எடுத்து வைக்காது. "எதுக்குக்கா இது இப்பிடி நொய்நொய்ங்குது?" என்று பிள்ளைகள் அலுத்துக்கொண்டார்கள். பதில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே டீ ஆறிவிட்டது. மீதி இது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான்கு வருடம் ஏசி அறையில் நடுங்கினேன். கல்லீரல் வலது விலாவுக்குள் இருக்கிறது என்று எல்லாப் பரீட்சையிலும் எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஊருக்குள் அது எங்கே இருக்கிறது என்பது வேனில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. ஊருக்குள் அது பிராந்திக் கடை வாசலில் இருந்தது. ஈரல் என்று சொன்ன உடனே எல்லார் கண்ணும் அந்தத் திசைக்குத்தான் போகும்.

எங்கள் வேலையோ குடிக்காதவர்களையும் சேர்த்துத் தேடுவது. ஐம்பது வயது தாண்டியவர்கள், பல வருடமாகச் சர்க்கரை இருப்பவர்கள், உடம்பு பெருத்தவர்கள். இவர்களுக்கு ஈரலில் சத்தமில்லாமல் கொழுப்பு சேரும். சிலருக்கு அந்த ஈரல் மெல்ல இறுகும். வலிக்காது, காய்ச்சல் வராது. கண் மஞ்சளாகி வயிறு வீங்கி அவர்களாக வரும்போது பாதிக் கதை முடிந்திருக்கும். அதற்கு முன்னால் பிடிக்க வேண்டும் என்பதுதான் வேனின் நோக்கம். கருவி சாது. ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, இரண்டு விலா எலும்புக்கு நடுவே ஒரு முனையை நிறுத்தி, விரலால் சுண்டுவது போலப் பத்துத் தட்டு. ஈரலின் இறுக்கம் எவ்வளவு என்று ஓர் எண் வரும். எண் குறைந்தால் நல்லது. ஏழு வரை நிம்மதி, பத்தைத் தாண்டினால் கவலை. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒருவர், தனக்கு எண் சரியாக வந்த சந்தோஷத்தில், "அப்பிடியே வெளிய நிக்கிற நம்ம காளைக்கும் நாலு தட்டு தட்டிவிடுத்தா" என்று கேட்டிருக்கிறார். காளைக்கு விலா எலும்பு எத்தனை என்று யோசிக்க ஆரம்பித்த என்னை டிரைவர் சோணை அண்ணன்தான் இழுத்துக்கொண்டு வந்தார்.

வேனுக்குத் தலைவி எங்கள் டாக்டரம்மா. ஐம்பத்தைந்து வயது, குள்ளம், யாரையும் அவசரப்படுத்த மாட்டார். வயிற்றைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். "ஜில்லுன்னு கைய வச்சா வயிறு பயந்து இறுகிக்கும் புள்ள, அப்பறம் எதத் தொட்டுப் பாக்க?" என்பார். நின்றுகொண்டிருப்பவருக்கு முடிவு சொல்லவே மாட்டார். உட்கார வைத்து, பேனா மூடியைக் கழற்றி மேசையில் வைத்த பிறகுதான் பேச்சு. பேசி முடித்ததும் மூடியைப் போடுவார். மூடி வெளியே இருந்தால் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

குடிப்பீங்களா என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. "வாரத்துல எந்தெந்த நாளு குடிக்கிறதில்ல?" என்று கேட்பார். ஒரு பெரியவர் விரல் மடக்கி, "அமாவாச, கார்த்திக, அப்பறம் பொண்டாட்டி ஊர்ல இருக்கயில" என்று கணக்குக் கொடுத்தார். மற்ற நாட்களை டாக்டரம்மா தாமே எழுதிக்கொண்டார்.

அவர் கோபப்பட்டால் கத்த மாட்டார். மரியாதை கொடுப்பார். எப்போதும் "வா புள்ள, போ புள்ள" என்பவர், "வாங்க மேடம்" என்றால் நமக்குக் காலம் சரியில்லை. சேர்ந்த மூன்றாவது மாதமே நான் மேடம் ஆனேன்.

பேரையூருக்குத் தெற்கே ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் இந்த இதழையும் விடமாட்டார்கள். பரவையில் எங்கள் வீட்டிலிருந்து விடிவதற்குள் கிளம்பி, மதுரை வந்து வேனைப் பிடித்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. பரிசோதனைக்கு மூன்று மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். சாப்பிட்ட வயிறென்றால் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடி, எண் பொய்யாக ஏறிவிடும். முந்தைய ஊர்களில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் இந்த ஊருக்கு முந்தின நாளே சோணை அண்ணனிடம் ஓர் அற்புதமான வாசகம் எழுதிக் கொடுத்து மைக்கில் சொல்லச் சொல்லியிருந்தேன். 'நாளை வெள்ளிக்கிழமை, எல்லோரும் விரதமாக வாருங்கள்.' ஒரே சொல், ஊருக்கே புரியும் என்று எனக்குப் பெருமை.

இன்னொரு புதுமையும் கையில் இருந்தது. வட்ட ஸ்டிக்கர்கள். எண் நன்றாக இருந்தால் முடிவெழுதிய சீட்டில் பச்சை, நடுவாந்திரம் என்றால் மஞ்சள், அதிகம் என்றால் சிவப்பு. டாக்டரம்மா கலரைப் பார்த்தே சிவப்புக்காரர்களை முதலில் கூப்பிடலாம். அவரிடம் கேட்டுச் செய்திருக்கலாம். கேட்டால் ஒரு நாள் தாமதமாகுமே!

முகாமுக்கு முதல் ஆளாக வந்தவர் முத்துக்காளை. எழுபதை ஒட்டிய வயது, ஊரறிந்த குடிகாரர். "இந்த ஈரலு எத்தன வருசமாத் தாங்குதுன்னு நானும் பாக்கணும்ல" என்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்தார். ஐந்து புள்ளி ஒன்று. எனக்கே நம்பிக்கையில்லாமல் மறுபடி தட்டினேன். அதேதான். பச்சை ஒட்டினேன். மனிதர் சீட்டை நெற்றிக்கு நேரே பிடித்தபடி இறங்கினார். "பாத்துக்கங்கடா மாப்ள, பச்ச! கவருமெண்டு மெசினு சொல்லுது!" நாங்கள் கவர்மெண்ட் இல்லை. அதை யார் கேட்டார்கள்.

அவருக்கு அடுத்து வந்தவர் பேச்சியம்மாள் டீச்சர். முப்பது வருடம் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தாறு. முத்துக்காளைக்கு மதினி, அவருடைய கூடப்பிறந்த அண்ணன் மனைவி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் முக்கிலிருந்த பிராந்திக் கடையைப் பெண்களைத் திரட்டி ரோட்டில் உட்கார்ந்து மூட வைத்தவர். அந்த ஊர் ஆண்களில் பாதிப் பேர் அவரால் இப்போது ஐந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறார்கள்.

அவருக்குப் பதினான்கு புள்ளி இரண்டு வந்தது. சிவப்பு ஒட்டிக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். வேகம்தானே முக்கியம்.

வெளியே முத்துக்காளை இன்னும் போகவில்லை. மதினி கையிலிருந்த சிவப்பைப் பார்த்தார். தன் பச்சையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு ஊரே கேட்கும்படி, "மதினி! ஒளிச்சு ஒளிச்சுக் குடிச்சா இப்பிடித்தேன். என்னய மாதிரி ஊரறியக் குடிச்சிருந்தா பச்ச கெடச்சிருக்கும்ல!" என்றார்.

வரிசை முழுவதும் சிரித்தது. சைக்கிள் மிதித்த ஆத்திரமெல்லாம் அந்தச் சிரிப்பில் இருந்தது. டீச்சர் சீட்டை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, டாக்டரம்மாவைப் பார்க்காமலேயே போய்விட்டார்.

அடுத்து வந்தவர்களுக்கும் சிவப்பு, மஞ்சள், சிவப்பு. ஊரே சிவந்துகொண்டு வந்தது. டாக்டரம்மா ஒரு பாட்டியை உட்கார வைத்து, வழக்கம் போலச் சாப்பாட்டிலிருந்து தொடங்கினார்.

"காலையில என்ன சாப்ட்டீங்க?"

"ஒண்ணுஞ் சாப்பிடலத்தா. விரதம்ல."

"பச்சத் தண்ணிகூட இல்லையா?"

"அதேஞ் சொல்றேனே, விரதம்னு. சோறே தொடல. பலகாரந்தேன். நாலு இட்லி, ஒரு உளுந்தவட, காப்பி."

பேனா மூடி மேசையில் இருந்தது. டாக்டரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டிலும்தான் வெள்ளிக்கிழமை விரதம் உண்டு. விரதத்தன்று அம்மா எனக்கு நெய்த்தோசை சுட்டுத் தருவாள். சோறு தின்றால்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் பலகாரம் என்பது எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து தெரியும். மைக்கில் சொல்லச் சொன்ன அன்று மட்டும் தெரியவில்லை. ஊரில் உண்மையிலேயே வெறும் வயிற்றோடு வந்த ஒரே ஆள் முத்துக்காளை. அவர் காலையில் சாப்பிடும் பழக்கமே இல்லாதவர்.

"ஸ்டிக்கரெல்லாம் ரொம்ப அழகா இருக்கு மேடம்" என்றார் டாக்டரம்மா. "நீங்களே வீடு வீடாப் போயி, இன்னைக்கு எடுத்தது செல்லாது, பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி எடுப்போம்னு சொல்லிட்டு வந்துருங்க. அப்பிடியே ஸ்டிக்கரையும் உரிச்சுட்டு வந்துருங்க மேடம்."

ஒரு வாக்கியத்தில் இரண்டு மேடம். நான் சோணை அண்ணனைக் கூட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினேன். எல்லோரும் சீட்டைக் கொடுத்தார்கள். முத்துக்காளை மட்டும் கொடுக்கவில்லை. அவருடையது செல்லும் என்பதால் எனக்கும் கேட்க வழியில்லை. மறுநாளே அவர் பேரையூருக்குப் போய் அதை லேமினேட் செய்து டீக்கடையில் மாட்டிவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

டீச்சர் வீட்டில் கதவு பாதிதான் திறந்தது.

"டீச்சர், காலையில எத்தன இட்லி சாப்ட்டீங்க?"

"ஆறு. தேங்காச் சட்னி மூணு கரண்டி. எதுக்குக் கேக்குற?"

"அதுனாலதான் டீச்சர் நம்பர் ஏறிருச்சு. சாப்பிடாம வாங்க, மறுபடி பாப்போம்."

"இட்லிக்கு மெசினு செகப்புக் காட்டும்னு இந்த ஊர்ல எவகிட்டச் சொல்ல? எவ நம்புவா? நான் வரல. மறுபடியும் செகப்பு வந்துச்சுன்னா?"

"வராது டீச்சர். நான் கேரண்டி."

பக்கத்தில் நின்ற சோணை அண்ணன் இருமினார். இருபத்திரண்டு வயதில் என்னிடம் கேரண்டிக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

பதினைந்து நாள் கழித்து, வேன் நிற்பதற்கு முன்பே டீச்சர் நின்றார். இந்த முறை மைக்கில் சோணை அண்ணன் பட்டியலே வாசித்திருந்தார்: சோறு கூடாது, இட்லி கூடாது, வடை கூடாது, டீ கூடாது, வெத்தலைகூடக் கூடாது. டீச்சர் எச்சிலைக்கூட விழுங்காமல் வந்தவர் போல உதட்டை இறுக்கிக்கொண்டு படுத்தார். நான் மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டபடி தட்டினேன். பத்துத் தட்டு. பதினொன்று புள்ளி மூன்று.

இட்லியின் பங்கு கொஞ்சம்தான். மிச்சம் அவருடைய ஈரலே. என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. "கேரண்டின்னியே பாப்பா" என்றார். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

டாக்டரம்மா கையைத் தேய்த்துக்கொண்டு வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், காலில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். உட்கார வைத்தார். மூடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீங்க குடிச்சதே இல்லைன்னு எனக்குத் தெரியும் டீச்சர்."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஆறு இட்லி, மூணு கரண்டி சட்னின்னு சொன்னீங்களாமே. பொய் சொல்றவங்க எல்லாம் ரெண்டு இட்லியோட நிறுத்திக்குவாங்க."

டீச்சர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். பன்னிரண்டு வருடச் சர்க்கரை, கூடின எடை, நாளைக்கு எட்டு டீ. கொழுப்பு சேர்ந்து ஈரல் இறுக ஆரம்பித்திருக்கிறது. கெட்டுப்போய்விடவில்லை. இப்போதே பார்த்ததால் திருப்ப வழி இருக்கிறது. மதுரைக்கு வந்து ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டும்.

"வலிக்கவே இல்லையே டாக்டரம்மா."

"வலிக்காது. அதுதான் அதோட கெட்ட பழக்கம்."

"மூணு மாசத்துக்கு ஒருக்கா பஸ் ஏறுனா, எங்க போறேன்னு கேப்பாங்கள்ல. ஈரலுக்குன்னு சொல்லவா?" குரல் தழைந்தது. "நான் கடைய மூட வச்சவ. நாளைக்கு நான் செத்தாலும், குடிச்சுச் செத்தான்னு பேசுவாங்க. கடையவும் திரும்பத் தொறந்துருவாங்க. வேணாம் டாக்டரம்மா. இருக்குற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

டாக்டரம்மா மூடியைப் போடவில்லை. டீச்சர் எழுந்துவிட்டார். அவ்வளவுதான், கைவிட்டுப் போகிறார், இதற்கு முழுக் காரணம் என் இருபது ரூபாய் ஸ்டிக்கர் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் வெளியிலிருந்து முத்துக்காளை குரல் கேட்டது. "மதினி! இந்தவாட்டி என்ன கலரு?"

டீச்சர் நின்றார். படியில் இறங்காமல் நேரே டிரைவர் சீட்டுப் பக்கம் போனார். சோணை அண்ணன் கையிலிருந்த மைக்கை வாங்கினார். வாங்கினார் என்பது மரியாதைக்கு எழுதுவது.

"சத்துணவு பேச்சியம்மா பேசுறேன். நல்லாக் கேட்டுக்கங்க. எனக்கு ஈரல்ல கொழுப்பு. நம்பரு பதினொண்ணு புள்ளி மூணு. சொட்டுக்கூடக் குடிச்சு வந்ததில்ல. முப்பது வருசமா ஒங்க புள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டு, மிஞ்சுன சோறு வீணாப் போகக் கூடாதேன்னு அம்புட்டையும் நானே தின்னு வந்தது. சந்தேகம் இருக்குறவன் வரிசையில வந்து வாய மோந்து பாத்துட்டுப் போ. ஏ முனியம்மா, சுவத்துக்குப் பின்னாடி நின்னாத் தெரியாதா? ஒனக்குச் சுகர் பத்து வருசம், என்னயவிட ரெண்டு சுத்துப் பெருசா இருக்க, ஒழுங்கா வந்து படு. இட்லி தின்னவ நாளைக்கு வா. முத்துக்காள, ஒனக்குந்தேன்."

"பாஸ் பண்ணவனுக்கு எதுக்கு மதினி மறுபடியும் பரிச்ச?" என்று சொல்லிக்கொண்டே அவர் நழுவிவிட்டார். ஆனால் முனியம்மா வந்தார். அவருக்குப் பின்னால் அன்றைக்கு வேன் கொள்ளாத பெண்கள் வந்தார்கள். டீச்சர் படிக்கருகே நின்று, ஒவ்வொருவரையும் "வாயத் தொற" என்று அதட்டி, வடை வாசனை வருகிறதா என்று பார்த்து அனுப்பினார். டாக்டரம்மா பேனா மூடியைப் போட்டார். "வேடிக்க பாத்தது போதும் புள்ள, அடுத்த ஆளக் கூப்பிடு" என்றார். பதினைந்து நாளுக்குப் பிறகு மறுபடியும் நான் புள்ள.

டீச்சர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பஸ் ஏறினார். யாராவது எங்கே என்று கேட்டால், "ஈரலுக்கு. நீ வாறியா?" என்று கேட்பாராம். யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. முத்துக்காளை நான்கு வருடம் கழித்து, லேமினேட் செய்த சீட்டோடு முகாமுக்கு வந்தார். "பாப்பா, இது பழசாயிருச்சு, இதப் புதுப்பிச்சுக் குடு" என்றார், டிரைவிங் லைசென்ஸ் போல. தட்டிப் பார்த்தேன். ஒன்பது புள்ளி நான்கு. டாக்டரம்மா உட்கார வைத்து வெகுநேரம் பேசினார். அந்தப் புதுச் சீட்டை முத்துக்காளை லேமினேட் செய்யவில்லை. டீக்கடைச் சுவரில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. மாத்திரை வாங்க மதினியோடு அவரும் பஸ் ஏறுகிறார், நான்கு இருக்கை தள்ளி உட்கார்ந்துகொண்டு.

போன வாரம் எனக்கு அந்த ஊரில் கடைசி முகாம். டீச்சருக்கு இப்போது எழுபத்து மூன்று. டாக்டரம்மா சொல்படி சோற்றைக் குறைத்ததில் பதினொரு கிலோ இளைத்திருக்கிறார். புதுக் கருவி சாப்பிட்ட நேரம் கேட்டது. "ராத்திரி ஏழரைக்கு, ரெண்டு சப்பாத்தி. எழுதிக்கச் சொல்லு" என்று அதற்கும் ஓர் அதட்டல் போட்டார். தட்டினேன். ஏழு புள்ளி ஐந்து.

"ஏழரையா? அந்த நம்பரே ஆகாதே பாப்பா."

"இந்த ஏழரை நல்லது டீச்சர்."

"அப்ப எனக்குப் பச்ச ஒட்டு."

"இப்ப ஸ்டிக்கர்லாம் இல்ல டீச்சர், எல்லாருக்கும் வெள்ளச் சீட்டுத்தான்."

"அன்னைக்கு ஊரு முன்னாடி செகப்பு ஒட்டிக் குடுக்கத் தெரிஞ்சுச்சுல்ல?"

டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் எதையோ படிப்பது போல இருந்தார். "ஒட்டித் தொல புள்ள" என்றார்.

மேசை இழுப்பறையின் அடியில் பழைய ஸ்டிக்கர் தாள் ஒன்று கிடந்தது. ஏழரை என்றால் என் பழைய கணக்குப்படி மஞ்சள்தான். இரண்டாவது முறையும் டீச்சரிடம் பொய்க் கேரண்டி கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. மஞ்சளை உரித்து ஒட்டினேன். ஏழு வருடத்தில் பசை காய்ந்துபோயிருந்தது. அழுத்த அழுத்த, வட்டம் சுருண்டு என் விரலோடு வந்தது.

டீச்சர் அதை வாங்கிக்கொண்டார். சீட்டுக்கு நடுவில் வைத்துப் பத்திரமாக மடித்தார்.

"வீட்டுல போயி ஒரு பருக்க சோறு வச்சு ஒட்டிக்கிறேன்" என்றவர், படியில் கால் வைத்த பிறகு திரும்பினார். "டாக்டரம்மா, ஒரு பருக்க பரவால்லல்ல?"

டாக்டரம்மா பேனா மூடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரே ஒரு பருக்க."